நியம நூலகத்துள் ஒரு தொகுப்பி: பைதன் மொழி வரலாற்றின் ஒரு பகுதி

செய்நிரல் மொழிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் இலக்கணத்தையும் வேகத்தையும் பற்றியே எழுதுகின்றனர். ஒரு மொழி எப்பொழுது தோன்றியது, யாரால் ஆக்கப்பட்டது, முந்திய மொழிகளிலிருந்து எவற்றைப் பெற்றது என்பன விரிவாகக் கூறப்படும். அம்மொழியோடு சேர்த்து வழங்கப்படும் நியம நூலகம் பற்றிய செய்திகளோ பின்னிணைப்பாக நின்றுவிடும். ஆயினும் மொழியை நாள்தோறும் கையாள்வோருக்கு இலக்கணத்திலும் பார்க்க நூலகமே நெருக்கமானது. இலக்கண விதியொன்றை மாற்றுவது எவ்வளவு கடினமோ, நூலகத்தில் ஒருமுறை இடம்பெற்றுவிட்ட கருவியொன்றை அகற்றுவதும் ஏறத்தாழ அவ்வளவு கடினமானதே. அதனை நம்பி எழுதப்பட்ட செய்நிரல்கள் எத்தனை, அவை எங்கெங்கே உள்ளன என்பதனை நூலகத்தை ஆக்கியோர் ஒருபோதும் முழுமையாக அறியார்.

நூலகத்திற் சேர்க்கப்படும் கருவிகளுள்ளே ஒரு வகை தனித்து நோக்கத்தக்கது. மொழியை இயக்கும் தொகுப்பியின் உறுப்புக்களையே பிறர் எடுத்தாளுமாறு நூலகத்தில் வைத்தல் அது. பைதன் மொழி இதனைப் பலமுறை செய்து பார்த்தது. அவ்வாறு அது வழங்கியவற்றுள் முக்கியமானவை ஐந்து. அவ்வைந்தனுள் மூன்று இன்று நூலகத்தில் இல்லை. எஞ்சிய இரண்டனுள் ஒன்று 2023இல் அகமுழுதும் மாற்றப்பட்டே நிலைத்தது. எது நிலைத்தது, எது மறைந்தது, ஏன் என்பனவே இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்புவன.

முதலிற் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நன்று. செய்நிரலொன்று தொகுப்பியின் கைக்கு வருகையில் அது வெறும் எழுத்துத் தொடராகவே உள்ளது. தொகுப்பி அதனை முதலிற் சொற்கூறுகளாகப் பிரிக்கின்றது: பெயர், எண், குறி என்றவாறு. அடுத்துப் பாகுபடுத்தி என்னும் உறுப்பு அச்சொற்கூறுகள் மொழியின் இலக்கணத்திற்கு அமைந்துள்ளனவா என்பதனை நோக்கி, அவற்றின் உறவினை ஒரு மரமாக அமைக்கின்றது. பகுபதமொன்றைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை எனப் பிரித்துக் காட்டும் நம் மரபிலக்கண முறைமை இதற்குத் தொலைவானதன்று; சொல்லிடத்துச் செய்வதனை இங்கு முழு நூலிடத்தும் செய்கின்றனர். அம்மரத்தினின்று பொறிக்குரிய கட்டளைகள் பிறப்பிக்கப்படுகின்றன. பைதனில் இக்கட்டளைகள் பைற்றுக்குறி எனப்படும்.

செய்நிரலை இயக்குவோனுக்கு இம்மரம் வேண்டியதில்லை. செய்நிரல்களைப் பற்றிய செய்நிரல்களை எழுதுவோனுக்கோ அது இன்றியமையாதது. பிழை காணும் கருவி, எழுத்தமைப்பைச் சீர்செய்யும் கருவி, பழைய பதிப்பிலுள்ளதனைப் புதிய பதிப்புக்கு மாற்றும் கருவி ஆகிய யாவும் மரத்தை வேண்டி நிற்பவை. மொழி அதனைத் தராவிடின், ஒவ்வொருவரும் தத்தமக்கெனப் பாகுபடுத்தியொன்றை எழுதவேண்டும்.

பைதனுக்கு முன்னர் இவ்விடயத்தில் இரு மரபுகள் இருந்தன. லிஸ்ப் மொழியிற் செய்நிரலே பட்டியல் வடிவினதாகையால், மரம் என்பது தேடிப் பெறவேண்டிய பொருளாக இருக்கவில்லை. யுனிக்ஸ் மரபு வேறானது. பெல் ஆய்வுகூடத்தில் 1970களில் ஸ்ரீபன் ஜோன்சன் ஆக்கிய யாக் என்னும் கருவி, இலக்கணமொன்றைக் கொடுத்தாற் பாகுபடுத்தியொன்றை எழுதித் தந்தது. மைக் லெஸ்க், எரிக் ஸ்மித் ஆகியோரின் லெக்ஸ் சொற்கூறாக்கத்திற்கு அதே பணியைச் செய்தது. எவரும் தமக்கெனத் தொகுப்பி ஆக்குவதற்கு வேண்டிய கருவிகள் இவ்வாறு கிடைத்தன. ஆயின் சீ மொழியின் தொகுப்பி தன்னுள்ளே கட்டிய மரத்தைப் பிறருக்குக் காட்டவில்லை. பட்டறையை யாவருக்கும் திறந்துவிட்டுத் தன் பொறியை மட்டும் மூடி வைத்ததொரு நிலை எனலாம்.

பைதன் மொழியைக் கீடோ வான் றொசும் 1989 டிசெம்பரில் அம்ஸ்ரர்டாமிலுள்ள கணித, கணினி ஆய்வு நிலையத்தில் எழுதத் தொடங்கி 1991 பெப்ரவரியில் முதன்முதல் வெளியிட்டார். அம்மொழிக்கென அவர் எழுதிய முதல் உறுப்புக்களுள் ஒன்று, யாக்கைப் போன்று இலக்கணத்திலிருந்து பாகுபடுத்தியை ஆக்கும் சிறு கருவியொன்றாகும். அது பீஜென் எனப் பெயர்பெற்றது. அடுத்து வரும் ஒரேயொரு சொற்கூற்றை மட்டும் நோக்கி வழியைத் தீர்மானிக்கும் எல்.எல்.(1) என்னும் எளிய முறையை அது கையாண்டது. இந்த எளிமை முப்பது ஆண்டுகளின் பின் எவ்வாறு பெருந்தடையாயிற்று என்பதனைப் பின்னர்க் காண்போம்.

மரத்தை வெளிக்காட்டும் முதன்முயற்சி பிரெட் டிரேக் என்பாரால் 1995, 1996ஆம் ஆண்டுகளில் வேர்ஜீனியாவில் மேற்கொள்ளப்பட்டது. பார்சர் என்னும் பெயருடைய அக்கூறு, தொகுப்பி உள்ளே கட்டும் மரத்தை அவ்வாறே எடுத்துப் பைதன் பட்டியலாகத் தந்தது. ஆயின் அது இலக்கணத்தின் ஒவ்வொரு விதியையும் விடாது பதிந்துவைக்கும் மரம். ஒன்று என்னும் எண்ணைத் தனியே எழுதினாலும், நிபந்தனை, அல்லது, உம்மை, எதிர்மறை, ஒப்பீடு, கூட்டல், பெருக்கல், அடுக்கு என்றவாறு பன்னிரண்டுக்கும் மேற்பட்ட படிகளைக் கடந்த பின்னரே அவ்வெண் கையில் அகப்படும். எண்ணில்லாத தோலை உரித்து ஒரு சிறு விதையைக் காண்பது போன்ற பணி இது. மேலும் ஒவ்வொரு விதிக்கும் வழங்கப்பட்ட தொடரிலக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியதாக இருந்தது. உள்ளதை உள்ளவாறே காட்டிய நேர்மை இக்கூற்றிடம் இருந்தது. அதனைப் பயன்படுத்துவோர்பாற் பரிவு இருக்கவில்லை.

இக்குறையினின்றே இரண்டாவது கருவி பிறந்தது. பைதனைச் சீ மொழிக்கு மாற்றும் பணியில் ஈடுபட்டிருந்த கிரெக் ஸ்ரைன், பில் ரட் ஆகிய இருவரும் 1997 பெப்ரவரியில், பார்சர் தந்த பருமரத்தைச் சுருக்கி, பொருளுக்கு வேண்டிய கணுக்களை மட்டும் கொண்ட கருத்தியல் மரமாக மாற்றும் செய்நிரலொன்றை எழுதினர். ஜெரமி ஹில்ரன் அதனை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, அம்மரத்திலிருந்து பைற்றுக்குறியையும் பிறப்பிக்கும் முழுத் தொகுப்பியொன்றைப் பைதன் மொழியிலேயே ஆக்கினார். சிறிது காலம் அது மூலப்பொதியின் கருவிக் கோப்புறையில் ஒரு மாதிரியாகக் கிடந்தது. 2001 டிசெம்பரில் வெளியான 2.2ஆம் பதிப்பில் அது கொம்பைலர் என்னும் பெயரோடு நியம நூலகத்துட் புகுந்தது.

கோப்புறையிலிருந்து நூலகத்துக்கு என்னும் இவ்விடப்பெயர்வு சிறிதெனத் தோன்றலாம். கருவிக் கோப்புறையிற் கிடப்பது ஆக்கியோனின் விளையாட்டுப் பொருள். அது பழுதாயின் வருந்துவோர் சிலரே. நியம நூலகத்தில் இருப்பதோ மொழியின் பெயரால் அளிக்கப்பட்ட ஒரு வாக்கு. அப்பொதி உள்ளமைந்த தொகுப்பியின் செயலை ஏறத்தாழ அவ்வாறே மேற்கொள்ளும் என்பதே அதன் நோக்கமாக ஆவணத்திற் கூறப்பட்டது. ஒரே வேலைக்கு மற்றொரு தொகுப்பி எதற்கு என்னும் வினாவையும் அவ்வாவணம் தானே எழுப்பி, உள்ளமைந்ததிலும் இதனை இலகுவாக மாற்றலாம் என்றும், இதன் மரம் செய்நிரல்களை ஆராயப் பயன்படும் என்றும் விடையிறுத்தது. இரண்டும் உண்மையான விடைகளே. எனினும், இரு தொகுப்பிகளையும் ஒன்றுபோல் வைத்திருக்கும் பொறுப்பு யாருடையது என்னும் வினா அங்கு எழவில்லை.

2.2ஆம் பதிப்புக்குப் பின் மொழி வேகமாக வளர்ந்தது. 2004இல் வெளியான 2.4ஆம் பதிப்பு சார்புகளுக்கு முன்னே இடப்படும் அணிக்குறிகளையும் புதுவகைக் கோவையொன்றையும் கொண்டுவந்தது, 2006இல் 2.5ஆம் பதிப்பு நிபந்தனைக் கோவையையும் வித் என்னும் கூற்றையும் சேர்த்தது. ஒவ்வொரு புதுமையையும் முதலிற் சீ மொழியிலுள்ள உண்மைத் தொகுப்பியிலும், மீண்டும் பைதன் மொழியிலுள்ள கொம்பைலர் பொதியிலுமாக இருமுறை எழுதவேண்டியிருந்தது. முன்னையதிற் பிழை நேர்ந்தால் மொழியே இயங்காது. ஆகவே அது உடனே திருத்தப்பட்டது. பின்னையதில் நேர்ந்த பிழை, எங்கோ ஒரு கருவியாளர் தம் பணியிடையே தடுக்கி விழும்வரை கண்ணிற் படாது. இத்தகைய இரட்டைப் பணியைச் சம்பளமின்றித் தம் ஓய்வு நேரத்தில் உழைக்கும் தொண்டர் குழுவொன்றிடம் எதிர்பார்த்தல் நீண்டகாலம் கைகூடும் எதிர்பார்ப்பன்று.

தீர்வு அதே ஹில்ரன் முன்னின்று தொடங்கிய மற்றொரு பணியிலிருந்தே வந்தது என்பது இவ்வரலாற்றிற் சுவையான செய்தி. உள்ளமைந்த தொகுப்பியும் அக்காலம்வரை பருமரத்திலிருந்து நேரே பைற்றுக்குறியை எழுதிவந்தது. அதனை மாற்றி இடையே கருத்தியல் மரமொன்றை அமைப்பதென முடிவாயிற்று. பலர் சில ஆண்டுகள் உழைத்த பின், 2006 செப்டெம்பரில் வெளியான 2.5ஆம் பதிப்பில் அம்மாற்றம் நிறைவேறியது. அம்மரத்தின் வடிவத்தை வரையறுப்பதற்கு, பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர் 1997இல் வெளியிட்ட ஏ.எஸ்.டீ.எல். என்னும் சிறு விவரண மொழி எடுத்தாளப்பட்டது.

இங்கேதான் நாம் சிறிது தரித்து நோக்குதல் வேண்டும். பைதனின் மரவகைகள் யாவும் ஒரு நூற்றுச் சில்லறை வரிகளைக் கொண்ட ஒரேயொரு கோப்பிலே எழுதப்பட்டன. அக்கோப்பிலிருந்து, தொகுப்பி தன்னுள்ளே பயன்படுத்தும் சீ மொழி அமைப்புக்களும், பயனாளர் கையாளும் பைதன் வகுப்புக்களும் பொறியாலேயே பிறப்பிக்கப்பட்டன. ஆகவே உள்ளே இருப்பதும் வெளியே காட்டப்படுவதும் வேறுபட இடமில்லை. புதிய கூற்று மொழியிற் சேரும்போது அக்கோப்பு மாறியே ஆகவேண்டும். அது மாறியதும் நூலகத்தின் முகமும் தானே மாறிவிடும். இரட்டைப் பணி ஒற்றைப் பணியாயிற்று. கொம்பைலர் பொதியில் மனித முயற்சியாற் காக்க முயன்ற ஒற்றுமை, இங்கு ஆக்கமுறையிலேயே அமைந்துவிட்டது.

2.5ஆம் பதிப்பு அம்மரத்தின் கணு வகுப்புக்களை மட்டும் அடித்தளக் கூறாக வழங்கியது. 2008 ஒக்டோபரில் 2.6ஆம் பதிப்பு ஏ.எஸ்.ரி. என்னும் கூற்றை மேலமைத்து, மரத்தினூடே நடந்து செல்லவும் அதனைத் திருத்தவும் வேண்டிய துணைச் சார்புகளைச் சேர்த்தது. அதே பதிப்பில், பயனாளர் திருத்திய மரத்தை மீளவும் உள்ளமைந்த தொகுப்பியிடமே கொடுத்துப் பைற்றுக்குறி பெறும் வழியும் திறக்கப்பட்டது. இதனோடு கொம்பைலர் பொதிக்கு எஞ்சியிருந்த ஒரே தேவையும் தீர்ந்தது. நூலகத்தை மீளமைப்பது பற்றிப் பிறெற் கனன் எழுதிய 3108ஆம் இலக்க முன்மொழிவு, இரு தொகுப்பிகளைப் பேணுதல் மிகைச்செயல் என்பதனையே அதனை அகற்றுவதற்குக் காரணமாகக் காட்டியது. 2008 டிசெம்பர் 3ஆந் திகதி வெளியான 3.0ஆம் பதிப்பில் அப்பொதி இல்லை. ஏழு ஆண்டுகள் அது நூலகத்தில் வாழ்ந்தது எனலாம்.

ஏ.எஸ்.ரி. கூறு தந்த பயனை மிகைப்படுத்தாமலே பெரிதெனக் கூறலாம். பைபிளேக்ஸ் என்னும் பிழைகாண் கருவி முன்னர்க் கொம்பைலர் பொதியை நம்பியிருந்து பின்னர் இதற்கு மாறியது. பைரெஸ்ற் என்னும் சோதனைக் கருவி, பயனாளர் எழுதிய எளிய உறுதிக்கூற்றை மரநிலையிலே மாற்றியெழுதி, அது பொய்க்கும்போது எப்பக்கத்தில் எம்மதிப்பு இருந்தது என்பதனை விரித்துக் காட்டுகின்றது. மூலத்தில் ஒரு வரியையும் தொடாது இதனைச் செய்வதற்கு, மரத்தை எடுத்து, மாற்றி, மொழியின் சொந்தத் தொகுப்பியிடமே திருப்பிக் கொடுக்கும் வழி வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன்னர் இது ஒரு பெரும் ஆய்வுத் திட்டமாகியிருக்கும்.

ஆயின் ஏ.எஸ்.ரி. மரம் ஒன்றை இழந்து நின்றது. தொகுப்பிக்குத் தேவையற்றவை யாவும் அதில் உதிர்ந்துவிடுகின்றன. செய்நிரலாளர் இடையிடையே எழுதிவைக்கும் குறிப்புரைகள், வரிகளுக்கிடையே விட்ட வெளி, தெளிவுக்காக இட்ட அடைப்புக்குறிகள் ஆகியன அதில் இல்லை. மூலத்தை ஆராய்வோனுக்கு இது பொருட்டன்று. மூலத்தைத் திருத்தி மனிதர் கையிலே மீண்டும் கொடுக்கவேண்டியவனுக்கோ, குறிப்புரையை இழந்த செய்நிரல் உரையை இழந்த நூல் போன்றது.

பைதனுக்கு இத்தேவை தன்னாலேயே எழுந்தது. 3.0ஆம் பதிப்பு பழைய செய்நிரல்களோடு பொருந்தாதென அறிந்தே ஆக்கப்பட்டமையால், பழையனவற்றைப் புதியனவாக மாற்றும் கருவியொன்றை உடன் வழங்கவேண்டியதாயிற்று. அக்கருவியின் உள்ளுறுப்பே லிப்-2-ரு-3 என்னும் பொதி. அதன் பாகுபடுத்திப் பகுதியின் உரிமைக் குறிப்பு 2004, 2005ஆம் ஆண்டுகளையும், மரப் பகுதியின் குறிப்பு 2006ஆம் ஆண்டையும் காட்டுகின்றன. வான் றொசும் தம் பழைய பீஜென் கருவியைப் பைதன் மொழியிலேயே மீண்டும் எழுதியதன் விளைவு அது. குறிப்புரையும் வெற்றிடமும் ஓரெழுத்தும் குறையாது பேணப்பட்ட மரத்தை அது தந்தது. 2.6, 3.0 ஆகிய இரு பதிப்புக்களிலும் அது நூலகத்தில் இடம்பெற்றது. அதன் இடைமுகம் நிலையானதன்று, பின்னர்ப் பெரிதும் மாறலாம் என ஆவணம் எச்சரித்தது உண்மையே. ஆயினும் தண்ணீர் வேண்டி நிற்போன் கிணற்றின் பலகையிலுள்ள எச்சரிக்கையைப் படிப்பதில்லை. குறிப்புரையைப் பேணும் மரம் வேறெங்கும் நூலகத்தில் இல்லாமையால், எழுத்தமைப்புச் சீராக்கிகள் பல அதன்மீது எழுந்தன. 2018இல் தோன்றிப் பெருவழக்குப் பெற்ற பிளாக் அவற்றுள் ஒன்று. அது முதலிலேயே அப்பொதியைப் பிரதி செய்து தன் வயிற்றினுள் வைத்துக்கொண்டது. அம்முன்னெச்சரிக்கை பின்னர் விவேகமானதெனப் புலப்பட்டது.

லிப்-2-ரு-3 பொதியும் கொம்பைலர் பொதியைப் போன்றே ஓர் இரண்டாம் பிரதி என்பதனை இங்கு அவதானித்தல் வேண்டும். அதன் இலக்கணக் கோப்பு வேறு, மொழியின் இலக்கணக் கோப்பு வேறு. ஒவ்வொரு பதிப்பிலும் அவற்றை ஒருவர் கையாற் பொருத்தவேண்டியிருந்தது.

2020 ஒக்டோபரில் வெளியான 3.9ஆம் பதிப்பில் மொழியின் பாகுபடுத்தி அடியோடு மாற்றப்பட்டது. வான் றொசும், பாப்லோ கலிந்தோ, லைசாண்ட்ரோஸ் நிக்கொலாவ் ஆகியோர் எழுதிய 617ஆம் இலக்க முன்மொழிவின்படி, முப்பது ஆண்டுகள் உழைத்த எல்.எல்.(1) முறை நீக்கப்பட்டு, பெக் எனப்படும் முறை கொண்டுவரப்பட்டது. அடுத்த ஒரு சொற்கூற்றை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கும் பழைய முறையில், இயல்பாக எழுதவேண்டிய சில விதிகளை எழுத முடியவில்லை. வித் கூற்றில் பல உறுப்புக்களை அடைப்புக்குறியுள் இட்டு வரிபிரித்து எழுதுவது அவற்றுள் ஒன்று. விதிகளைத் தளர்வாக எழுதிவிட்டுப் பின்னர் வேறிடத்திற் சோதிக்கும் தந்திரங்கள் பெருகியிருந்தன. புதிய முறை ஒரு வழி பொருந்தாவிடிற் பின்வாங்கி மற்றொரு வழியை நாடும் ஆற்றலுடையது. பருமரத்தைக் கட்டாமலே கருத்தியல் மரத்தை அது நேரே கட்டிவிடும்.

நம் ஆய்வுக்கு இம்மாற்றம் ஒரு சோதனைக்களம். மொழியின் அடித்தளமே மாறியது. நூலகக் கருவிகளுக்கு நேர்ந்தது யாது? ஏ.எஸ்.ரி. கூற்றை நம்பியிருந்தோர் அம்மாற்றத்தை உணரவேயில்லை எனலாம். பழைய பாகுபடுத்தி தந்த அதே மரத்தையே புதியதும் தரவேண்டும் என்பது அப்பணியின் நிபந்தனையாக இருந்தது. பார்சர் கூறோ காட்டுவதற்கு ஒன்றுமின்றி நின்றது. அது வெளிப்படுத்திய பருமரம் இனித் தொகுப்பியினுள் இல்லை. 2021 ஒக்டோபரில் 3.10ஆம் பதிப்பு அதனை நீக்கியது. லிப்-2-ரு-3 தன் பழைய முறையோடு தனித்துவிடப்பட்டது. 3.10இல் வந்த மாச் கூற்று, அச்சொல் பெயராகவும் வழங்குமாகையால், எல்.எல்.(1) முறைக்கு அடங்கவில்லை. பிளாக் கருவியினர் தம் பிரதியிலே பின்வாங்கும் ஆற்றலைத் தாமே சேர்த்துக்கொண்டனர். நூலகத்திலிருந்த மூலம் 3.11இல் வழக்கொழிவதாக எச்சரிக்கப்பட்டு, 2024 ஒக்டோபரில் 3.13ஆம் பதிப்பில் அகற்றப்பட்டது. குறிப்புரையோடு கூடிய மரத்தைத் தரும் கருவி எதுவும் அதன்பின் நியம நூலகத்தில் இல்லை. அத்தேவையுள்ளோர் வெளியாரின் பொதிகளை நாடவேண்டியவராயினர். இது ஓர் இழப்பே என்பது நம் கருத்து. இரட்டைப் பிரதியை நீக்கியமை சரியே. ஆயின் அதன் இடத்தை ஒரே மூலத்திலிருந்து பிறக்கும் வேறொன்றால் நிரப்பும் முயற்சி நிறைவெய்தவில்லை. 3.9இல் மரத்திலிருந்து மூலத்தை மீட்டெழுதும் சார்பொன்று சேர்க்கப்பட்டது. அதுவும் கொம்பைலரைப் போன்று கருவிக் கோப்புறையில் நெடுங்காலம் கிடந்து நூலகம் ஏறியதே. ஆனால் குறிப்புரைகளை அதனால் மீட்க இயலாது.

ஏ.எஸ்.ரி. கூறு நிலைத்தமைக்கும் ஒரு விலை உண்டு. மரத்தின் வடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம் என அது தொடக்கத்திலேயே கூறிவிட்டது. கூறியவாறே செய்தும் வந்தது. எண்ணுக்கு ஒரு கணு, எழுத்துத் தொடருக்கு ஒரு கணு எனத் தனித்தனி இருந்தவை 2019இல் 3.8ஆம் பதிப்பில் மாறிலி என்னும் ஒரே கணுவாயின. பழைய பெயர்கள் சில ஆண்டுகள் நிழலாக விடப்பட்டு, 2025 ஒக்டோபரில் 3.14ஆம் பதிப்பில் மறைந்தன. ஆறு ஆண்டுகள் முன்னறிவித்தல் குறைந்த கால அளவன்று. ஆயினும் பேணுவார் இன்றிக் கிடக்கும் சிறு கருவிகளுக்கு எத்தனை ஆண்டு அவகாசமும் ஒன்றே.

இதற்கு மாறான வழியைக் கோ மொழி தெரிந்தெடுத்தது. 2009 நவம்பரில் வெளிப்படுத்தப்பட்ட அம்மொழியின் நூலகத்திலே பாகுபடுத்தியும் மரமும் ஆரம்பத்திலேயே இருந்தன. மூலத்தின் எழுத்தமைப்பைச் சீராக்கும் அதன் கருவி அவற்றின்மீதே எழுந்தது. குறிப்புரைகளும் அம்மரத்தோடு பேணப்பட்டன. ஆயின் அக்காலத்துக் கோ தொகுப்பி சீ மொழியில் எழுதப்பட்டு யாக் இலக்கணத்தைக் கொண்டிருந்தமையால், இங்கும் பிரதிகள் இரண்டு. 2012 மார்ச்சில் வந்த முதற்பதிப்பு, நூலகத்தை நம்பி எழுதியது பின்னும் இயங்கும் என வாக்களித்தது. 2015 ஓகஸ்டில் 1.5ஆம் பதிப்பில், றொபேட் கிறீசெமர் முன்னின்று ஆக்கிய வகைச்சோதனைப் பொதியும் நூலகத்திற் சேர்ந்தது.

அவ்வாக்கைக் காத்தல் எளிதாயிருக்கவில்லை. 2022 மார்ச்சில் 1.18ஆம் பதிப்பு பொதுவகைகளைக் கொண்டுவந்தபோது, சதுர அடைப்பினுள் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புக்கள் வரும் நிலை எழுந்தது. பழைய சுட்டெண் கணுவில் ஓர் உறுப்புக்கே இடமிருந்தது. அதனை மாற்றின் வாக்குப் பிழைக்கும். ஆகவே பழையதைத் தொடாது, பல உறுப்புக்களுக்கெனப் புதுக்கணுவொன்றை அருகிற் சேர்த்தனர். பைதன் ஏறத்தாழ அதே இடத்திலே, 2020இல் 3.9ஆம் பதிப்பில், சுட்டெண் கணுக்களை எவ்வித தயக்கமுமின்றிச் சுருக்கி எழுதியதை ஒப்புநோக்குக. கோ மரம் சற்று அழகு குன்றியது. அதனை நம்பியோர் இரவு விழிக்கவில்லை. அதே பதிப்பில் தொகுப்பியும் தன் பழைய வகைச்சோதனையைக் கைவிட்டு, நூலகப் பொதியிலிருந்து பெறப்பட்டதனை ஏற்றுக்கொண்டது. நூலகம் தொகுப்பியைப் பின்பற்றுவதே நாம் இதுவரை கண்ட வழக்கம். இங்குத் தொகுப்பி நூலகத்தைப் பின்பற்றியது. ஊதியம் பெறும் குழுவொன்று நூலகத்தைத் தன் முதன்மைப் பணியாகக் கொண்டிருந்தமையால் அது இயன்றது என்பதனையும் சேர்த்தே கூறவேண்டும்.

ஐந்தாவதாக எஞ்சியிருப்பது ரோக்கனைஸ் என்னும் பைதன் கூறு. இது மூலத்தைச் சொற்கூறுகளாக மட்டும் பிரித்துத் தருவது. மிகப் பழைய இக்கூறும் ஓர் இரண்டாம் பிரதியே. தொகுப்பியின் சொற்கூறாக்கி சீ மொழியில் இருக்க, இது பைதன் மொழியிலே ஒழுங்குக் கோவைகளைக் கொண்டு தனியே எழுதப்பட்டிருந்தது. தமிழ் வாசகர்க்கு இதன் வரலாறு நேரடியான தொடர்புடையது.

பைதன் இரண்டாம் தலைமுறைப் பதிப்புக்களிற் பெயர்களை உரோம எழுத்தில் மட்டுமே எழுதலாம். மார்ட்டின் வொன் லோவிஸ் எழுதிய 3131ஆம் இலக்க முன்மொழிவின்படி, 3.0ஆம் பதிப்பு முதற் பிறமொழி எழுத்துக்களாலும் பெயரிடலாயிற்று. மாறியொன்றுக்குத் தொகை எனத் தமிழிற் பெயரிட்டால் மொழி அதனை ஏற்றுக்கொண்டு இயங்கியது. ஏ.எஸ்.ரி. மரத்திலும் அது ஒரே பெயர்க்கணுவாக அமைந்தது. ஆனால் ரோக்கனைஸ் கூற்றின் ஒழுங்குக் கோவை, எழுத்தும் எண்ணும் மட்டுமே சொல்லின் உறுப்பாகும் எனக் கொண்டது. யுனிகோட்டில் நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் எழுத்து என்னும் வகையிற் சேர்க்கப்படாமல், இணைகுறிகளாக வகுக்கப்பட்டுள்ளன. ஆகவே தொகை என்னும் சொல் அக்கூற்றின் கையில் நான்கு துண்டாயிற்று: தகரம் ஒரு பெயர், ஒகரக் குறி ஒரு பிழை, ககரம் ஒரு பெயர், ஐகாரக் குறி ஒரு பிழை. தொகுப்பி ஏற்ற செய்நிரலை, அதே மொழியின் நூலகக் கருவி பிழையுடையதெனக் காட்டியது. உரோம எழுத்தில் எழுதுவோர் எவருக்கும் இது ஒருபோதும் புலப்பட்டிராது. இரண்டாம் பிரதி மூலத்தினின்று விலகும்போது அவ்விலகல் எங்கே முதலில் வலிக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்நிலை பதினைந்து ஆண்டுகள் நீடித்தது. நீங்கியதும் தமிழை எண்ணியன்று. எழுத்துத் தொடர்களினுள்ளே கோவைகளை எழுதும் முறைமையை 701ஆம் இலக்க முன்மொழிவு மாற்றியபோது, அப்புது முறைமையைப் பழைய ஒழுங்குக் கோவைகளாற் கையாள இயலவில்லை. ஆகவே 2023 ஒக்டோபரில் 3.12ஆம் பதிப்பில், ரோக்கனைஸ் கூறு தன் சொந்தப் பிரதியைக் கைவிட்டுத் தொகுப்பியின் சொற்கூறாக்கியையே அழைக்கலாயிற்று. தொகை அன்றுமுதல் அங்கும் ஒரு சொல்லாயிற்று.

இன்னும் ஒரு வேறுபாடு எஞ்சியுள்ளது. ஒகரக் குறியை ஒரே குறியாகவும் இடலாம். எகரக் குறியையும் காற்குறியையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மரத்தைக் கட்டும்போது தொகுப்பி இவ்விரு வடிவங்களையும் ஒன்றாக நியமப்படுத்திவிடுகின்றது. ரோக்கனைஸ் கூறோ எழுதியது எதுவோ அதனையே திருப்பித் தருகின்றது. ஆகையால் ஏ.எஸ்.ரி. மரத்தில் ஒரே பெயராக நிற்பது சொற்கூறுகளில் இரண்டாகத் தோன்றும். தமிழ்ப் பெயர்களைத் தேடி மாற்றும் கருவியொன்றை எழுதுவோர், சொற்கூறுகளைக் கையாளும் இடத்தில் அந்நியமப்படுத்தலைத் தாமே செய்துகொள்ளவேண்டும். அதற்கு வேண்டிய சார்பு யுனிகோட் தரவுக் கூற்றிலே உள்ளது.